லாரிக்காரர் கட்டிய பாசிமணிப் பூ

லாரிக்காரருக்கு இடுப்பெலும்பு உடைந்தது லாரியில் அல்ல, சொந்த வீட்டுக் குளியலறையில். இருபத்திரண்டு வருடம் மலைப்பாதையில் சரக்கு ஏற்றிப் போய் ஒரு கீறல்கூட விழாத மனுஷன், சோப்புத் துண்டில் கால் வைத்து ஆறு மாதம் கட்டிலோடு கிடந்தார்.

பேப்பரை வரிவிளம்பரம்வரை படித்தும் பொழுது நகரவில்லை. மனைவிக்குத் தையல் கடையில் வேலை. துணிகளில் வைத்துத் தைத்ததுபோக மிஞ்சிய பாசிமணிகளை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒருநாள் டப்பா கவிழ்ந்து நிறமெல்லாம் கலந்துபோயிற்று. பிரித்துத் தருகிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டார். பிரித்து முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மெல்லிய கம்பியில் ஒன்பது மணி கோத்து, வளைத்து, அடியில் முறுக்கினார். ஓர் இதழ் வந்தது. ஐந்து இதழ் சேர்த்துப் பார்த்தால் நசுங்கிய சிலந்தி மாதிரி இருந்தது. ஆனால் இஞ்சினுக்குள் கைவிட்டு, பார்க்காமலே போல்ட்டைத் திருகுகிற விரல்கள் அவை. பத்தே நாளில் இதழ்கள் அச்சில் வார்த்ததுபோல் வந்தன.

மனைவி அவற்றைத் தோடாக்கிக் காதில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். கேட்டவர்களிடம் தானே செய்ததாகச் சொன்னாள். அவர்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். மற்ற டிரைவர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயம்.

ஒரு மதியம் கல்யாணப் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். விஷக் காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் விரற்கடை அளவு வளர்ந்திருந்தது. எந்தப் பூவும் தலையில் நிற்கவில்லை என்றாள். மனைவி அவள் தலையைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றுகோலோடு வெளியே வந்தார்.

“கொஞ்சம் தலையைக் குனிம்மா. அளவெடுக்கணும்.”

பெண் விழித்தாள். “இவருதாம்மா செய்யறது. நான் போட்டுக்கறதோட சரி,” என்றாள் மனைவி.

காதிலிருந்து காதுவரை கம்பியை வளைத்துப் பார்த்தவர், முடி தெரியாதபடி நெருக்கமாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

“மறைக்க வேண்டாம்ணே. திரும்ப வளர்ந்த முடி இது. தெரியட்டும்.”

அவர் சரியென்று தலையாட்டினார். கட்டியதை இரண்டு தடவை கனம் அதிகமென்று தானே பிரித்துப்போட்டார். கடைசியில் பத்தொன்பது வெள்ளைப் பூக்கள், இடைவெளி விட்டு, காற்றுபோல் லேசான ஒரு வளையத்தில் அமர்ந்தன.

கல்யாணத்தில் எல்லோரிடமும் அவள் அவர் பெயரைச் சொல்லிவிட்டாள். மறுவாரமே டிரைவர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். “பூக்கடை எப்பண்ணே தெறந்தீங்க?” என்று ஆளாளுக்குக் காலை வாரினார்கள். போகும்போது அதில் மூத்தவர் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி, தன் மகளுக்கு நீலத்தில் ஒரு ஜோடித் தோடு கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

இடுப்பு சரியானதும் அவர் வண்டியெடுத்தார். மலைப்பக்கம் போவதில்லை, மதியத்தோடு திரும்புகிற பக்கத்து நடைகள் மட்டும்தான். ‘பூ டிரைவர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.