குனிந்தால் ஓடும் மோட்டார்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. ஒரத்தநாடு சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எல்லையில் ஒரு மோட்டார் கொட்டகை. கதவில் பூட்டு தொங்குகிறது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். சரிதான். இப்போது நிறையக் கொட்டகைகளில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. எங்கே இருந்தாலும் போனிலேயே மோட்டாரை ஓட விடலாம், நிறுத்தலாம்.

ஆனால் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்ததும் பிரேக் போட்டேன். நாற்றங்கால். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முளைகட்டிய விதைநெல்லைத் தூவியிருந்தார்கள். மண் நனைந்திருந்தால் போதும், தண்ணீர் நிற்கவே கூடாத நாள்கள் இவை. அந்த இடம் வெயிலில் ஒரு குட்டிக் குளம் போல மின்னியது.

அந்த வயலில் பயிர் செய்யும் தமிழ்ச்செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, மோட்டார் போட்டீங்களா?”

“இல்லயேம்மா. நான் வீட்டுக் கொல்லையில வெண்டைக்குக் களை எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“ஓடுதுக்கா.”

அடுத்த நொடி என் எதிரே மோட்டார் நின்றது. போனில் நிறுத்திவிட்டார். பத்து நிமிடத்தில் வரப்பு வழியாக ஓடி வந்தார்... கையில் மண்வெட்டி, இடுப்பில் போன்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. வயது முப்பத்தாறு. அவருடைய அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அக்கா இந்த ஆண்டுதான் முதல்முறையாக, தன் பேரில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில். அக்காவின் முதல் குறுவை நெல் சாகுபடி இது. கையிலிருந்த விதைநெல் முழுவதும் அந்த நாற்றங்காலில்தான் கிடந்தது.

அது அழுகினால்? மறுபடி விதை தேட வேண்டும், ஊறப்போட வேண்டும், முளைகட்ட வேண்டும். நடவு தள்ளிப்போகும். அறுவடை மழையில் மாட்டும். முதல் குறுவையே இல்லை என்று ஆகலாம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். தண்ணீர் அதிகமா? வெளியேற்று. உடனே, வேகமாக. என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

“வரப்ப அகலமா வெட்டி விட்டுரலாமாக்கா?”

“வெட்டுனா தண்ணியோட வெதையும் போயிரும்மா. கொஞ்சம் பொறு.”

வரப்பின் தாழ்ந்த மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மண்ணைத் தோண்டினார். கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு பிடி வைக்கோல் உருவினார். அதைச் சின்ன வடிகட்டி போல அந்த வாயில் செருகினார். பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் வைக்கோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாக இறங்கியது. மிதந்து வந்த விதைகள் வைக்கோலில் மோதி நின்றன. வாய் அடைபடும்போது அவற்றை உள்ளங்கையில் வாரி, திரும்பவும் நாற்றங்காலுக்குள் மெதுவாக வீசினார். பதற்றத்தில் இருப்பவருடைய கை அப்படி இருக்காது. ஆனால் அவருடைய உதடு காய்ந்திருந்ததை நான் பார்த்தேன். தன் முழு வருடமும் தண்ணீரில் மிதக்கும்போது, அந்தத் தண்ணீரை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருக்க எப்படி முடிகிறது? ஒன்றரை மணி நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொன்னேன். காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

“நேத்தும் இப்படித்தான் ஓடுச்சு. கொஞ்ச நேரந்தான். கரண்டு கோளாறுன்னு நெனச்சுட்டேன்” என்றார் அக்கா.

மெக்கானிக் பாலு அண்ணனை வரவழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். முதல் வேலையாக ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

“பொட்டி தானா ஓடாது தங்கச்சி. யாராச்சும் சொன்னாத்தான் ஓடும்.”

“யாரு சொன்னா?”

“ஒவ்வொரு தடவ ஓடும்போதும் உங்க போனுக்கு மெசேஜ் வருமே, பாருங்க.”

பார்த்தோம். விதை தூவிய பிறகு இரண்டு மெசேஜ். திங்கள் காலை ஒன்று, செவ்வாய் காலை ஒன்று. இரண்டிலும் மோட்டாருக்கு உத்தரவு போன நம்பர் அக்காவுடையது.

“நான் போடலண்ணே.”

“நீங்க போடல. உங்க போன் போட்டிருக்கு.”

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “இன்ஜினியரம்மா வச்சுக் கொடுத்த பொத்தான் அது.”

இப்போது குற்றவாளி யார் என்று தெரிந்திருக்கும். நான்தான்.

போன மாதம் அக்கா என்னிடம் போனைக் கொடுத்து, “கரண்டு எப்ப வரும்னு தெரியல. வந்த உடனே மோட்டாரப் போடணும். சேத்துக் கையோட ரகசிய நம்பரத் தட்ட முடியல. கைரேகை கேட்டா எங்கைய அதுக்கு அடையாளமே தெரியல” என்றார். எனக்கு ஒரே உற்சாகம். லாக் ஸ்கிரீனையே மாற்றி அமைத்தேன்.

மஞ்சள் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் கணவர் படத்தைப் பின்னணியாக வைக்கச் சொன்னார், வைத்தேன். இரண்டு தட்டு தட்டினால் திரை விழித்துக்கொள்ளும்படி செய்தேன். போனைத் திறக்காமலே மோட்டாரை ஓட்ட, லாக் ஸ்கிரீனிலேயே ஒரு பச்சைப் பொத்தான். பாதுகாப்புக்காக இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். அதை நடுவில் வைத்தேன். “அவரு மூஞ்சிய மறைக்குதே” என்றார். அடியில் இறக்கினேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

அந்தப் பொத்தான்தான் நாற்றங்காலை மூழ்கடித்தது. எப்படி?

வீட்டுக்கு வந்து, வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். இரண்டு தடவையும் காலை. இரண்டு தடவையும் அக்கா கொல்லையில். இரண்டு தடவையும் களை. மாலையில் ஒருமுறைகூட ஓடவில்லை, உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஓடவில்லை, நடக்கும்போது ஓடவில்லை.

புதன்கிழமை காலை சோதனை. விரலோ வேறு எதுவோ திரையைத் தொட்டால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி காட்டும் வசதி போனில் ஒளிந்திருக்கிறது. அதை முடுக்கினேன். அக்காவின் திரை என் லேப்டாப்பில் தெரியும்படி இணைத்தேன். அவர் வழக்கம்போலப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார். நான் வேலியோரம் வேப்பமர நிழலில். ஃபியூஸ் இன்னும் பாலு அண்ணன் பையில்தான்.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் இல்லை. சேலை காய்ந்திருந்தது. பிறகு வெயில் ஏறியது. வியர்வை, செடியிலிருந்த பனி, எல்லாம் சேர்ந்து இடுப்புச் சேலை நனைந்தது.

திரை சட்டென்று விழித்தது. யாரும் தொடவில்லை. ஹெல்மெட் மாமா சிரித்தார். அவருடைய தோளில் ஒரு வெள்ளைப் புள்ளி. காதில் ஒன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக, மழை பிடிக்கும்போது முதல் துளிகள் புழுதியில் விழுமே, அது போல...

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான். இந்தத் திரைக்கு அழுத்தம் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்சாரம் காத்திருக்கிறது. விரல் கிட்டே வந்தால் அதில் துளியை நம் உடம்பு வாங்கிக்கொள்கிறது. அந்தத் துளி குறைவதைத்தான் ‘தொட்டார்கள்’ என்று போன் எடுத்துக்கொள்கிறது. காய்ந்த துணி அதற்கு ஒன்றுமே இல்லை. ஈரத்துணி, அதற்குப் பின்னால் உயிருள்ள உடம்பு என்றால்... விரலேதான். உழைக்கும் ஒரு உடம்பின் வியர்வையை இந்தச் சின்னக் கண்ணாடி உணர்கிறது என்பதை நேரில் பார்க்கும்போதுதான் மயிர்க்கூச்செறிகிறது.

“அக்கா, இப்பக் குனிஞ்சீங்களா?”

“பின்ன, நின்னுக்கிட்டா களை எடுப்பாங்க?”

“அப்படியே இருங்க.”

“இடுப்பு ஒடியுதும்மா.”

புள்ளிகளெல்லாம் கூடி, அடியில் ஒரே பெரிய புள்ளியானது. குனியும்போது தொடை மேலெழுந்து ஈரச் சேலையோடு திரையின் அடிப்பகுதியை அமுக்குகிறது. பச்சைப் பொத்தான் மேல் சரியாக. ஒரு விநாடி. இரண்டு. பொத்தான் நிறம் மாறியது. மோட்டாருக்கு உத்தரவு போய்விட்டது.

பாதுகாப்புக்கு என்று நான் வைத்த இரண்டு விநாடி... களை எடுப்பவர் இரண்டு விநாடியிலா நிமிர்வார்?

சரி, காரணம் தெரிந்தது. தீர்வு? பட்டியல்:

ஒன்று, இரண்டு தட்டில் திரை விழிப்பதை நிறுத்துவது. “அப்புறம் பக்கத்துப் பொத்தான அமுக்கணும். சேறு போய் அது இறுகிக் கெடக்கும்மா” என்றார். 

இரண்டு, பச்சைப் பொத்தானையே எடுத்துவிடுவது. “அப்ப கொட்டகைக்கு நடக்கணும். நான் போறதுக்குள்ள கரண்டு போயிரும்.”

மூன்று, அக்கா போனைப் பையில் வைத்துக்கொள்வது. “எந்தப் பையில?” என்று கேட்டார். சேலையில் பை ஏது?

நான்கு, பாக்கெட் மோடு. இதைத்தான் நான் நம்பியிருந்தேன். போனின் உச்சியில், காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் உண்டு. அதை ஏதாவது மூடியிருந்தால் போன் ‘நான் பைக்குள் இருக்கிறேன்’ என்று புரிந்துகொண்டு, எந்தத் தொடுதலையும் கண்டுகொள்ளாது. அதை முடுக்கினேன். அக்கா மறுபடி குனிந்தார்.

மறுபடி புள்ளி மழை. மறுபடி பச்சைப் பொத்தான்.

எனக்குப் புரியவில்லை. அமைப்பைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் இப்படியே. அக்கா வேலியோரம் வந்து தண்ணீர் குடித்தார்.

“அது எதப் பாத்துத்தான் பைக்குள்ள இருக்கோம்னு கண்டுபிடிக்குது?”

“மேல ஒரு கண்ணு மாதிரி இருக்குக்கா. அத மறைச்சா பைக்குள்ள இருக்குன்னு நெனச்சுக்கும்.”

அக்கா இடுப்பைக் குனிந்து பார்த்தார். கூப்பிடுவது யார் என்று தெரிய வேண்டும் என்பதால் திரை வெளியே பார்த்தபடி செருகுவார். பாதி போன் சேலைக்குள். உச்சி வெளியே, நல்ல வெயிலில்.

“கண்ணு வெளிய முழிச்சுக்கிட்டு இருக்கே. அதுக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டுப் போனை உருவினார். தலைகீழாகத் திருப்பினார். ஹெல்மெட் மாமாவின் தலை முதலில் போகும்படி சேலைக்குள் செருகினார். திரும்பி நடந்தார். குனிந்தார்.

லேப்டாப்பில் கறுப்புத் திரை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒரு புள்ளிகூட இல்லை. மேலே நீட்டிக்கொண்டிருந்த பச்சைப் பொத்தானை இனி எந்தத் தொடையும் தொட வழியும் இல்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் போனை வடிவமைத்தவர்கள் கால்சட்டைப் பையை யோசித்தார்கள், கைப்பையை யோசித்தார்கள். குனிந்து களை எடுக்கும் ஒரு பெண்ணின் இடுப்புச் செருகல் அவர்கள் பட்டியலில் இல்லை. நேர்மையாகச் சொன்னால், என் பட்டியலிலும் இல்லை. மூன்றாவது வீட்டில் இருந்துகொண்டு தினமும் பார்க்கிறேன், இருந்தும் இல்லை. அக்காவோ ஒரு அமைப்பையும் தொடாமல், போனை மட்டும் திருப்பி, அந்த வசதியைத் தன் இடுப்புக்கு ஏற்றதாக்கிவிட்டார்.

“யாரு கூப்பிடுறாங்கன்னு இனிமே தெரியாதேக்கா?”

“எடுத்துப் பேசுனா தெரிஞ்சுட்டுப் போவுது.”

பாலு அண்ணன் ஃபியூஸைத் திரும்பப் போட்டார். “எத்தனையோ மோட்டாரப் பாத்திருக்கேன். குனிஞ்சா ஓடுற மோட்டார இப்பத்தான் பாக்குறேன்” என்று சிரித்தார். ஊருக்கே அது தெரிந்துவிட்டது. அக்கா களை எடுக்கப் போனால், “மோட்டார் போடப் போறியா தமிழு?” என்று கேட்கிறார்களாம்.

ஆனால் நாற்றங்கால்? அதைக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. நானும் கேட்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி... தினமும் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தேன். சேறு, சேறு, சேறு. அக்கா ஒவ்வொரு காலையும் தண்ணீர் காட்டி, வடித்துவிட்டுக் களை எடுக்கப் போனார்.

நேற்றுக் காலை நான் போனபோது அவர் முன்னமே அங்கே நின்றிருந்தார். கிழக்கே தாழ்வாக வெயில். கண்ணை நாற்றங்காலின் மட்டத்துக்கு இறக்கிப் பார்க்கச் சொன்னார். வரப்பில் மண்டியிட்டுப் பார்த்தேன்.

பச்சை. நின்று பார்த்தால் தெரியாத அளவுக்கு மெல்லிசான பச்சை. ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி பனி. தண்ணீருக்குள் ஒன்றரை மணி நேரம் மூழ்கிக் கிடந்து, மிதந்து, வைக்கோலில் மோதி, ஒருவர் உள்ளங்கையால் திரும்ப வீசப்பட்ட விதை அது. எது மேல், எது கீழ் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அத்தனையும் வானத்தைப் பார்த்து நின்றன. ஒரு போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொடுக்க நான் அரை மணி நேரம் தடுமாறினேன்.

குழாய் விழுந்த மூலையில் மட்டும் ஒரு முறம் அளவுக்குச் சொட்டை.

“நாத்து போதுமாக்கா, கட்டுமா?” என்று கேட்டேன்.

“மூணு ஏக்கருக்கும் கட்டும்” என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அப்போது சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பு. அக்கா போனை இடுப்பிலிருந்து உருவி நிமிர்த்தினார். எடுத்த எடுப்பிலேயே மாமா, “ஏன் தமிழு, என் படத்தத் தலைகீழா சொருகிக்கிட்டுத் திரியிறியாமே? பாலு சொல்லிச் சிரிக்கிறான்” என்றார்.

அக்கா போனை நாற்றங்கால் பக்கம் திருப்பி, தாழ்த்திப் பிடித்தார்.

“நாத்து நேரா நிக்குதுல்ல?” என்றார் அக்கா. “நீங்க கொஞ்ச நாளைக்குத் தலைகீழாவே நில்லுங்க.”