சீலா மிஸ்ஸின் வீடு யாருக்கு?

கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிக்கும்போதும் சீலாவின் வலது கால் பிறேக்கை மிதிக்கிறது. எங்கள் ஒழுங்கை முனையில் ஓர் ஓட்டோ கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும். விறாந்தையில் இருக்கும் அவளுடைய கால், இல்லாத பிறேக்கைத் தேடிச் சீமெந்துத் தரையில் அழுந்தும். பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். ஞாயிறு பூசையில் பாதர் பிரசங்கத்தை நீட்டினால்கூட அந்தக் கால் சும்மா இருப்பதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

திருகோணமலையில் பெண்களுக்குக் கார் பழக்கும் சீலா மிஸ்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. வயது நாற்பத்தாறு. சல்வாருக்கு மேலே ஆம்பிளைகளின் நீளக்கைச் சேர்ட் ஒன்று, கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் ரப்பர்ச் செருப்பு. சின்ன வெள்ளைக் காரின் கூரையில் சிவப்பு எழுத்தில் எல் போர்ட். ஏறுவதற்கு முன் பொனற்றில் இரண்டு தரம் தட்டுவாள். உள்ளே பூனை படுத்திருந்தால் எழும்பிப் போகட்டும் என்பதற்காக. மான்களுக்கு அந்தத் தட்டல் செல்லாது. அவை நகரத்தின் நடுவே, வீதிக்குக் குறுக்கே, தங்கள் பாட்டுக்கு நின்று அசைபோடும். "மான் நிண்டால் ஹோன் அடிக்கக்கூடாது. அது வீட்டுக்காரர், நீங்கள் வந்த ஆள்" என்பது அவள் படிப்பிக்கும் முதல் பாடம்.

அந்தப் பாடத்தைப் பத்து மாதமாகப் படித்துக்கொண்டிருப்பவள் நான். லைசென்ஸ் றயலில் இரண்டு தரம் கோட்டை விட்டவள். ஐம்பத்து நாலு வயதில் ஏன் இந்த வேலை என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். சீலா ஒருநாளும் கேட்டதில்லை. நான் றிவேஸ் எடுக்கும்போது அவள் மெதுவாகத் தன் கோயில் பாட்டுக் குழுவின் பாட்டொன்றைப் பாடுவாள். பாட்டு நின்றால் நான் எதையோ இடிக்கப்போகிறேன் என்று அர்த்தம்.

அவள் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள். "றயல் வச்சுப் பாத்தனான் அக்கா, ஒருத்தரும் பாஸாகேல்ல."

உட்துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் ஒழுங்கையில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் அவள் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வருடக் கடைசிக்குள் விடவேண்டும் என்றார்கள். இனி வாடகை வீடு தேடமாட்டேன் என்று அவள் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். வங்கி கடன் தரச் சம்மதித்தது. இருபத்திரண்டு வருடம் பக்கத்து சீற்றில் இருந்து சேர்த்தது கையில் இருந்தது. ஒரு தரம்தான் வாங்கலாம். பிழைத்தால் திரும்ப வாங்க ஏலாது.

இரண்டு வீடுகள் அகப்பட்டன. ஒன்று இங்கே, நகர எல்லையில், பாலையூற்றில். தம்பி றொஷானின் வீட்டு மதிலுக்கு மறுபக்கம். றொஷான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், அக்காவில் உயிர். கோயில் மணி கேட்கும் தூரம், பாட்டுக் குழு, தெரிந்த முகங்கள், ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்தில். மற்றது குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில். இங்கே கடற்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஊர்தான். பாலங்களைக் கடந்து வீதியால் போனால் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

மூதூர் வீட்டைச் சொன்னவள் றம்ஸியா. அங்கே பள்ளிக்கூட ரீச்சர். சனிக்கிழமைகளில் சீலா மூதூருக்குப் போய்ப் பழக்கும் ஆறு பேரில் ஒருத்தி. புருஷன் கட்டாரில். அவர் வாங்கி விட்டுப் போன கார் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. "மிஸ், கிழமையில ஒருநாள் பழகி நான் எப்ப ஓடுற? நீங்க இஞ்சயே வந்தா இந்த ஊர்ப் பொம்புளையள் எல்லாம் றோட்டுக்கு வந்திருவாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சீலா வீடு பார்க்கும் முறை தனி. மற்றவர்கள் கூரையையும் குசினியையும் கிணற்றையும் பார்ப்பார்கள். இவள் முதலில் காரை றிவேஸில் கேற்றுக்குள் விட்டுப் பார்ப்பாள். "வாசலே சண்டை பிடிச்சால் உள்ளுக்கு என்னெண்டு இருக்கிறது?" பாலையூற்று வாசலில் ஒரு லைற் போஸ்ட். ஏழு தரம் முன்னும் பின்னும் போய், கண்ணாடியை மடக்கித்தான் உள்ளே போனாள். போனவள் பத்து நிமிடம் இறங்காமல் இருந்தாள். பின் ஜன்னலால் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் முனை தெரிந்ததாம். அந்த வீடும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டம்.

மூதூர் வீட்டுக்கு புரோக்கர் முனீப். கக்கத்தில் ஒரு கொப்பியோடு திரியும் மெலிந்த மனிதர். அந்தக் கொப்பியில் வீடு எங்கே, எத்தனை அறை, யாருக்கு என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். முதல் நாளே கேட்டார்.

"வீடு மகளுக்கா மிஸ்?"

"இல்ல. எனக்கு."

"அது சரி. யாருட பேருக்கு எழுதுற? மாப்புள எந்த ஊரு?"

"மாப்பிள்ளையும் இல்ல, மகளும் இல்ல. நான்தான். எனக்குத்தான்."

முனீப் பேனை முனையால் கொப்பியின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் முழுவதும் "மகளுக்கு, மகளுக்கு" என்றே வரிசையாக இருந்தது. கடைசியில் "தனக்கு" என்று எழுதினார். "இப்பிடி எழுதுறது எனக்கு முதல் தரம் மிஸ். பிழை இரிக்கா பாருங்க" என்று கொப்பியைத் திருப்பிக் காட்டினார். சீலாவுக்கு அந்த மனிதரை அன்றே பிடித்துவிட்டது.

முனீப்பைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில், தமிழரோ முஸ்லிமோ, வீடு என்றால் அது பெண்ணுக்கு. சீதன வீடு. மகள் தவழத் தொடங்கும்போதே தகப்பன் அத்திவாரம் போடுவான். கட்டி முடித்து மகளையும் மருமகனையும் அதில் இருத்திவிட்டு, தாயும் தகப்பனும் பின்னால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒரு பெண் தனக்கென்று, தானே உழைத்து, தான் மட்டும் இருக்க வீடு வாங்குவதற்கு எங்களிடம் ஒரு இடம் ஒதுக்கி வைக்கவில்லை. அதனால் பார்க்கிறவர்கள் ஆளாளுக்கு ஓர் இடத்தில் அதைச் செருகி விடுகிறார்கள்.

நானும் செருகினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், மைதானத்தடி. வாய் சும்மா இருக்கவில்லை.

"சீலா, உங்கட மருமகளுக்கு வீடு சரிவந்திட்டுதாம். பாலையூற்றிலயாம். நல்ல விசயம்."

கார் நடு றோட்டில் நின்றது. நான் நிற்பாட்டவில்லை. அவளுடைய பக்கத்துப் பிறேக். பின்னால் வந்த பஸ்காரன் என்னைப் பார்த்துத் திட்டிக்கொண்டு போனான். புல்லில் நின்ற மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"ஆர் சொன்னது அக்கா?"

"உங்கட மச்சாள் றீற்றாதான். கோயிலடியில சொல்லிக்கொண்டு நிண்டவா. மெலனிக்கு இனி வீட்டுக் கவலை இல்ல, மாமி வாங்கிறா எண்டு."

மெலனி, றொஷான் றீற்றாவின் ஒரே மகள். பத்தொன்பது வயது. சீலா அவளைத் தூக்கி வளர்த்தவள். அந்தப் பிள்ளைக்கு எதையும் கொடுப்பாள். ஆனால் கேட்காமலே எடுத்து வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவளைச் சுட்டது. அவள் இன்னும் வாங்காத வீட்டில், அவளை இப்போதே வாடகைக்கு இருத்திவிட்டார்கள். அன்று பாட்டும் இல்லை, பாடமும் இல்லை. காரை விட்டு இறங்கியதும் முனீப்புக்குப் போன் எடுத்தாள். "மூதூர் வீடு எனக்குத்தான். சனிக்கிழமை முற்பணம் கட்டுறன்." எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. என் வாயால் ஒருத்தி ஊர் மாறப்போகிறாள்.

வியாழக்கிழமை மாலை என் விறாந்தைக்கு வந்தாள். பிளேன்ரீயைத் தொடவில்லை.

"கோவத்தில கார் எடுக்கக்கூடாது எண்டு உங்களுக்குப் படிப்பிச்சனான். இப்ப நான் கோவத்தில வீடு எடுக்கப் போறன். அவையளுக்காகப் பாலையூற்றில இருந்தாலும் பிழை, அவையளுக்காக மூதூருக்கு ஓடினாலும் பிழைதானே அக்கா?"

எனக்கு என்ன தெரியும்? நான் றயலில் இரண்டு தரம் பெயிலானவள். சனிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இதற்கிடையில் றொஷான் நண்டுக் கறியோடு சீலாவின் வீட்டுக்கு வந்து நின்றான். நான் அங்கே இருந்தேன். எழும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"அக்கா, றீற்றா சும்மா கதைச்சது. அதை விடுங்கோ. ஆனால் தனிய அங்க போய், ஒரு காய்ச்சல் எண்டால் உங்களை ஆர் பாக்கிறது?" அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, அவனுக்கு உண்மையாகவே அந்தப் பயம் இருந்தது.

"காய்ச்சல் வந்தால் நீ வா. கறியோட வா. பாலம் போட்டிருக்கு."

"இரவில பயமா இருக்காதோ?"

"இருக்கும்தான். பயந்தாலும் என்ர வீட்டில இருந்து பயப்பிடுவன்."

சனிக்கிழமை நான்தான் ஓட்டினேன். கிண்ணியாப் பாலத்தில் பின்னால் ஒரு லொறி வந்து என் உயிரை எடுத்தது. சீலா என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தன்பாட்டில் ஓட விட்டது அதுதான் முதல் தரம். வீட்டு வாசலில் மட்டும் இறங்கிச் சீற்றை மாற்றிக்கொண்டாள். அகலமான கேற். ஒரே மூச்சில் றிவேஸில் உள்ளே போனது கார். முனீப் கை தட்டினார்.

அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. முனீப்பை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வெறும் ஹோலில், தரையில் சம்மணம் கட்டி இருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தேன்.

"என்ன செய்யிறீங்கள் சீலா?"

"கோவம் இன்னும் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"இருக்கோ?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "பசிக்குது."

எழும்பிக் குசினிக்குப் போனாள். அடுப்பு எங்கே வரும், தண்ணீர்க் குடம் எங்கே வரும் என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பின் வளவுக்குப் போய் நடையால் அளந்தாள். எட்டுக் கம்பு நட்டு றிவேஸ் பழக்க இடம் இருந்தது. அதற்குள் கேற்றடியில் சத்தம். றம்ஸியாவும் இன்னும் நாலைந்து பெண்களும். "மிஸ் வந்துட்டா, மிஸ் வந்துட்டா" என்று ஒருத்தி போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டு நின்றாள். சீலாவின் முகத்தைப் பார்த்தேன். பத்து மாதத்தில் நான் ஒழுங்காகக் காரை நிறுத்திய ஒரே ஒரு நாளில் அந்த முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில்தான். பிறகு ஒழுங்கையில் மூன்றாவது வீடு சும்மா கிடக்கும் என்ற நினைப்பும் வந்தது.

மாரி தொடங்குமுன் வீடு புகுந்தாள். பாதர் வந்து தண்ணீர் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். பால் பொங்கி வழிந்தது. றம்ஸியா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். முனீப் வெள்ளைச் சேர்ட் போட்டு வந்து, விற்ற வீட்டைத் தானே சுற்றிக் காட்டினார். றொஷான் பைப்புகளைத் திறந்து பூட்டிப் பார்த்தான். மெலனி எல் போர்ட்டைத் தலையில் வைத்துப் படம் எடுத்தாள். றீற்றா அறை அறையாகப் போய் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சீலா அவளுக்குத்தான் முதல் துண்டு வட்டிலப்பத்தைக் கொடுத்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் சீலா ஒரு சுத்தியலை எடுத்தாள். ஒன்பது வாடகை வீடுகளில் இருந்தவள். ஒன்பது வீட்டுக்காரரும் திறப்பைக் கையில் தரும்போது சொன்ன முதல் சொல், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. அவளுடைய திரு இருதயப் படம் இத்தனை வருடமும் அலுமாரிக்கு மேலே சாய்ந்தே இருந்தது. இரண்டு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு கதிரையில் ஏறினாள். முதல் ஆணியை ஹோல் சுவரின் நட்டநடுவில் வைத்து அடித்தாள். புதுப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. றொஷான் கீழே நின்று படத்தை எடுத்துக் கொடுத்தான். கொழுவினாள். நேராக இருந்தது.

"ஐயோ மச்சாள், புதுச் சுவர்!" என்றாள் றீற்றா. "நாளைக்கு எங்கட பிள்ளை விக்கிறதெண்டாலும் ஓட்டையைப் பாத்து விலையைக் குறைப்பாங்களே!"

றொஷான் தரையைப் பார்த்தான். மெலனிக்குக் காது சிவந்துவிட்டது. சீலா திரும்பி மச்சாளைப் பார்த்தாள். கோபம் இல்லை, கண் சிரித்தது. உதட்டில் இன்னும் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியை எடுத்தாள். படத்துக்கு ஒரு சாண் தள்ளி, கொழுவுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்து, ஓங்கி அடித்தாள்.