ரவுண்டானாவில் நான் திரும்பிய பக்கம்

கண் விழித்தபோது என் இடது காலை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதாகப் பட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் ஆள் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி, அதில் கயிறு, கயிற்றின் நுனியில் மணல்மூட்டை. தொடை எலும்பு முறிந்திருந்தது. இழுவைக் கட்டு (முறிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் காலைப் பாரம் கட்டி இழுத்து வைப்பது) போட்டிருந்தார்கள்.

“ஆறு வாரம் அசையப்பிடாது, சாரே” என்றார் டாக்டர்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். நான் தோவாளையில் பள்ளி ஆசிரியர், கல்யாணம் ஆகாதவன். டவுனில் நான்கு சாலைகள் கூடும் இடத்தில் புதிதாக ரவுண்டானா கட்டியிருந்தார்கள். கோயிலைச் சுற்றுவது போல எல்லா வண்டியும் அதை வலமாகச் சுற்றித்தான் போக வேண்டும். பஸ்காரர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். சைக்கிள்காரர்களுக்குத்தான் அது கௌரவக் குறைச்சல். வலது கைப்பக்கம் திரும்ப நாலு கெஜம் போதும் என்றிருக்கும்போது, அத்தனை பெரிய சுற்று எதற்கு? சாலையில் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானே தினமும் எதிர்த்திசையில் குறுக்கே திரும்பினேன். அன்று எதிரே பஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காளின் கணவர்தான் துணைக்கு இருந்தார். போலீஸ் ஏட்டு வந்து என் வாக்குமூலத்தை எழுதி எடுத்தபோது, பஸ்தான் தப்பான பக்கம் வந்தது என்று அத்தான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அப்படியா என்று ஏட்டு என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வலியில் சொல்லிவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வலி உண்மைதான். ஆனால் புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காக டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்றாவது வாரம் ஒருவர் என் கட்டிலருகே வந்து நின்றார். காக்கி உடுப்பு இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. கால் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு கேட்டார்.

“நான் எந்தப் பக்கமா வந்தேன்னு ஒமக்குத் தெரியும்லா, சாரே?”

தெரியும் என்று தலையசைத்தேன். அவர் மணல்மூட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் நர்ஸிடம் சொல்லி ஏட்டை வரவழைத்தேன். நான்தான் எதிர்த்திசையில் வந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அத்தான் வந்தார். கடைத்தெரு முழுக்க அந்த டிரைவரைப் பழித்துப் பேசித் தீர்த்திருந்தவர் அவர்.

“ஊருல எம் மூஞ்சில கரியப் பூசிட்டியே, மக்கா” என்றார். பிறகு அவர் வரவில்லை. அக்காளையும் விடவில்லை.

மிச்ச நாட்களில் காய்ச்சல் பார்க்க வரும் நர்ஸைத் தவிர என்னிடம் பேச ஆள் கிடையாது. என்னைப் போலத் தனியே கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் தசை மெலிவு (அசையாத சதை சூம்பிப்போவது) வந்துவிடும். நானும் அசைத்தேன், அக்காள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தபடி. உண்மையைச் சொன்ன பெருமையெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துபோனது.

கட்டுப் பிரித்தபோது இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகியிருந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கம்பு ஊன்றி ரவுண்டானா வரை வந்து நின்றேன். ஒழுங்காகச் சுற்றினால் வண்டிக்காரர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். மெதுவாக நடப்பவனுக்கு அப்படியில்லை. ஒரு வண்டி போனதும் வளைவிலிருந்து அடுத்தது வந்துவிடும். வெகுநேரம் நின்றேன். ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் இடத்தில் அவர் இருந்தார்.

“பைய போவும், சாரே” என்றார்.

பின்னால் ஹாரன்கள் அலறின. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அக்கரை சேரும்வரை அவர் பஸ்ஸை எடுக்கவில்லை. முன்பெல்லாம் நாலு எட்டில் தாண்டிய சாலை அது.

அக்காள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சைக்கிளில் இரண்டு நிமிஷம். இந்தக் காலோடு அங்கே போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகுமோ, தெரியவில்லை.