டிராகன் வாங்கியவர்கள் சொன்னது

சுண்டுவிரல் உயரப் பொம்மை செய்து விற்கிறவர்களுக்கு, வருகிற குறைகள் மட்டும் எப்போதும் ஆளுயரத்தில்தான் வரும். இணையத்தில் எதையாவது விற்றுவிட்டு, காலையில் காபி குடிக்கும் முன்பே கருத்துப் பகுதியைத் திறந்து பார்க்கிற அத்தனை பேருக்கும் நான் சொல்வது புரியும்.

என் கணவர் லோகநாதன் ஆரணியில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவர். வேலை இல்லாத நேரங்களில் அதே கம்ப்யூட்டரில் டிராகன், கொம்பு வைத்த பூதம், தாடி மந்திரவாதி, வாள் பிடித்த ராணி என்று உருவங்களைச் செதுக்க ஆரம்பித்தார். பிறகு அதற்கென்று ஒரு பிரின்டர் வாங்கினோம். இது காகிதத்தில் அச்சடிக்காது. பிசின் மாதிரி ஒரு திரவத்திலிருந்து பொம்மையையே அடுக்கடுக்காக எழுப்பித் தரும். வர்ணம் தீட்டுவது நானும், களம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் செல்வியும். இந்தப் பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஊர் ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

லென்ஸ் வைத்த திருச்சிக்காரர்

ஆரம்பத்திலேயே மாட்டியவர் திருச்சியில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். வாள் பிடித்த ராணியை வாங்கினார். பார்சல் போன மறுநாளே ஒரு போட்டோ வந்தது. ராணியின் முகத்தை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கி எடுத்திருந்தார். கண் இரண்டும் ஆஃப் பாயில் மாதிரி இருந்தன. "போருக்குப் போகிற பெண் ஏன் பல்லியைப் பார்த்தவள் போல் விழிக்கிறாள்?" என்று கீழே எழுதியிருந்தார். கடுகில் பாதிகூட இல்லாத கண்ணை இத்தனை பெரிதாக்கிப் பார்ப்பது நியாயமா என்று எனக்குக் கோபம் வந்தது. பதில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

செல்விதான் அந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், கூரியர் எடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்தாள். கருவிழியை நடுவில் தனியாக ஒரு புள்ளியாக வைத்தால் பயந்த முழி. மேல் இமையோடு ஒட்டி வைத்தால் சாதாரணப் பார்வை. அவ்வளவுதான் விஷயம். வேறொரு ராணிக்கு அப்படிக் கண் வைத்து அனுப்பினோம். இந்த முறை அவர் அனுப்பிய போட்டோவில் லென்ஸ் இல்லை, அலமாரியில் நின்ற ராணி மட்டும்தான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். செல்வி விடவில்லை: "பொம்பள பாக்கப் போனப்பவும் லென்ஸ் எடுத்துகினு போயிருப்பாரா அக்கா? அந்த அம்மாதான் பாவம்!"

எலுமிச்சம்பழம்

எங்கள் பெரிய டிராகனைக்கூட நிற்க வைத்தால் ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால் நான் அதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, கீழேயிருந்து வானம் தெரிய போட்டோ எடுத்திருந்தேன். பார்த்தால் ஊரையே விழுங்க வருகிற மாதிரி இருக்கும். அளவைக் கீழே எழுதித்தான் இருந்தோம், ஆனால் அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்? ஓசூரில் ஒருவர் வரவேற்பறையில் ஒரு முழு கண்ணாடி அலமாரியைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்தார். டிராகன் வந்து சேர்ந்ததும் அந்த அலமாரியின் நடுவில் அதை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். திட்டி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்தப் படம் திட்டியதே போதும்.

அன்றே பழைய போட்டோக்களை நீக்கினேன். அளவு பார்த்ததும் புரியட்டும் என்று ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் புதிதாக எடுத்துப் போட்டேன். இனி யாரும் ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கொம்பு வைத்த பூதத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். "பொம்ம நல்லாருக்குதுங்க. ஆனா எலுமிச்சம்பழம்லாம் வெச்சிருக்கீங்களே, மந்திரிச்சு அனுப்புறீங்களா? எங்க வீட்டுல அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க!"

இனி வராது

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சென்னையில் ஒரு விளம்பரக்காரரிடம் எங்கள் இணையப் பக்கத்தைக் கொஞ்ச நாள் ஒப்படைத்திருந்தோம். அவர் தாடி மந்திரவாதியைப் பச்சை அங்கியில் நூறு மட்டும் செய்யச் சொல்லி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண்ணும் "இனி வராது" என்று ஒரு வரியும் போடச் சொன்னார். நூறும் மூன்றே வாரத்தில் போய்விட்டன. உடனே, அங்கியை நீலமாக்கி இன்னொரு நூறு செய்யுங்கள், அதிலும் "இனி வராது" என்றே போடுங்கள் என்றார். எனக்கு உறுத்தியது. என் கணவரிடம் சொன்னேன். "எல்லாரும் இப்டித்தாம்மா பண்றாங்க" என்றார். தூரிகையை நீலத்தில் தோய்த்தவள் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். தேசூர்க்காரர், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கையில் மஞ்சள் பை. அதற்குள் எங்கள் பெட்டி, இருபத்து மூன்றாம் எண். சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வராதுன்னு போட்டிருக்குது. போன்ல பாத்தா நீலத்துல நிக்கிறான். அதே தாடி, அதே கோலு. எது நெஜம்ங்க?" என் கணவர் விளம்பரம், மார்க்கெட் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. அவரால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. என்னாலும் நிமிர முடியவில்லை.

அன்றே நீல மந்திரவாதியின் பெட்டியிலிருந்து அந்த வரியை எடுத்தோம். நடந்ததை மறைக்காமல் எங்கள் பக்கத்தில் எழுதி, பச்சை வாங்கியவர்கள் விரும்பினால் திருப்பித் தரலாம் என்று அறிவித்தோம். விளம்பரக்காரர், தொழிலைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று கத்திவிட்டு விலகிக்கொண்டார். கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். வந்தவை மூன்றே பெட்டிகள். தேசூர்க்காரருக்கு நானே போன் செய்து, உங்களுடையதையும் அனுப்பிவிடுங்கள் என்றேன். "அது எங்கிட்டயே இருக்கட்டும்ங்க. நிக்காத ஊருக்கெல்லாம் நிக்கும்னு போர்டு போட்ட வண்டில வேல செஞ்சிருக்கேன், ஜனங்க என்னைத்தான் கேப்பாங்க. நீங்க போர்ட மாத்தினீங்களே, அது போதும்."

குரங்குக்குப் பயமில்லை

படவேட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு பெண்மணி, கொம்பு வைத்த பூதத்தின் நிறம் வெளுத்துவிட்டது என்று குரல் பதிவு அனுப்பினார். வீட்டுக்குள் இருக்கும் பொம்மை எப்படி வெளுக்கும் என்று கேட்டதற்குத்தான் உண்மை வந்தது. கல்லூரியில் படிக்கிற அவர் மகள் ஆசையாக வாங்கி வைத்த பூதத்தை, இவர் எடுத்துப் போய் மோட்டார் கொட்டகை வாசலுக்கு மேல், நல்ல வெயிலில், உட்கார வைத்திருக்கிறார். மகளுக்கு இன்னும் தெரியாது. எங்கள் மேல்பூச்சு வெயிலுக்குத் தாங்காது என்று அதுவரை நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. அன்றைக்கு எழுதிச் சேர்த்தேன். அவருக்கு வேறொரு பூதம் அனுப்பி, இதை மகளிடமே கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். கொடுத்துவிட்டார். கூடவே இன்னொரு குரல் பதிவும் வந்தது: "அடுத்த தபா செய்யச் சொல்ல மூஞ்சில கோவத்த இன்னும் ஜாஸ்தி வைம்மா. கொரங்கு அத்த தள்ளிட்டு வாழப்பழம் துன்னுட்டுப் போவுது!"

முதுகு

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார் சேலத்துக்காரர் ஒருவர். "முகமும் தாடியும் அருமை. முதுகில் ஒன்றுமே இல்லை" என்பதுதான் அவர் எழுதியது. என் கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மொதுகு செவுரு பக்கம் தானே இருக்கப் போவுது, அத்த எவன் பாக்கப் போறான்? பேஜார் புடிச்சவனா இருக்கான்" என்றார். உண்மையில் மந்திரவாதியின் முதுகை மொழுக்கென்றுதான் விட்டிருந்தோம். நான் போன் செய்தேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கதைகளைக் கேட்கும்போது டிராகன், மந்திரவாதி என்றெல்லாம் வருகிறதே, அவை எப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பொம்மைகளை வாங்குவதாகச் சொன்னார். "விரலுக்கு முன்பக்கம் பின்பக்கம்னு கெடையாதுங்க. முதுகுல வந்ததும் ஆளே காணாமப் போயிட்டான்" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் இவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். நான்கு நாள் புடவை டிசைன் எதையும் தொடவில்லை. மந்திரவாதியின் அங்கி முதுகில் மடிப்பு மடிப்பாக இறங்கியது. அடி ஓரத்தில் சின்னச் சின்ன மாங்காயாக ஒரு வரிசை சுற்றி வந்தது. இரண்டு முறை சரியாக வராமல் தூக்கிப் போட்டு, மூன்றாவதை நானே பஞ்சில் சுற்றிச் சேலத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரம் சத்தமே இல்லை. நான் போன் செய்யட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பார். ஆனால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

எட்டாம் நாள் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் நன்றி சொன்னார். மடிப்புகளை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு விரல் உரசும் சத்தம் கேட்டது. பொம்மையை மறுபடி தடவிக்கொண்டிருந்தார் போல. இவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "உங்க கம்பெனி பேரு மட்டும்தான் எனக்குத் தெரியும், ஊரு தெரியாது. ஆனா இந்த ஓரத்துல பட்டுப் பொடவை பார்டர் ஓடுதே... நீங்க ஆரணியா?"

இவ்வளவு பட்ட பிறகு எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கவலை, குறை ஒன்றும் சொல்லாமல் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெட்டியைத் திறந்துதான் பார்த்தார்களா என்பதுதான்.