ஏழு கணினிகளும் ஒரு சுவர்க் கடிகாரமும்

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி. பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் அக்கா. பதினெட்டு வருடமாக அங்கே சுங்கப் படிவங்களை நிரப்புகிறவர் அவர். முதலாளியின் மகள், அவளுடைய மேக் மடிக்கணினியோடு. காப்பாரிலிருந்து கையுறைச் சரக்கு ஏற்றி வந்து, வாசலில் லோரியை நிறுத்திவிட்டுக் காகிதத்துக்காகக் காத்திருந்த டிரைவர் அண்ணன். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. இதை நான் அடிக்கடி எண்ணிப் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு நான் திணறியதைப் பார்த்தவர்கள் அந்த நாலு பேர்தான்.

கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கீழே டயர் கடை, மேலே அந்த அலுவலகம். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுப்பார்கள். ஏழு கணினிகள். நாலு விண்டோஸ். இரண்டு, தூக்கிப் போட வைத்திருந்த பழசு. நான் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்தேன். ஒன்று அந்தப் பெண்ணின் மேக். ஒன்றில் இருப்பது மற்றதுக்குத் தெரியாது. ஒரு கோப்பு மேசை மாற வேண்டுமென்றால் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு பென்டிரைவ் கைமாறும். அந்தக் கயிற்றில் லோரிச் சாவியும் தொங்கும். அதனால் ஒருநாள் சாவியோடு பென்டிரைவும் ஜோகூர் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினிக் கடையில் பதினோரு வருடம் வேலை செய்தேன். முதலில் பெட்டி தூக்கினேன், பிறகு கேபிள் இழுத்தேன், பிறகு திறந்து பழுது பார்த்தேன். எந்தக் கம்பெனிக்கு மனுப் போட்டாலும் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிச் சான்றிதழைக் கேட்டார்கள். லினக்ஸ் பக்கம் நான் போனதற்கு அதுதான் காரணம். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. மென்பொருள் சும்மா கிடைத்தது, அதை எப்படி எழுதினார்கள் என்பதும் திறந்தே கிடந்தது, சந்தேகம் கேட்டால் எங்கேயோ இருக்கிற ஒருவர் பதில் போட்டார். என் இங்கிலீஷைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

கடையை விட்டு வெளியே வந்து சொந்தமாக எடுத்த முதல் வேலை இது. ஒரு பெரிய கம்பெனி இதே வேலைக்குப் பதினாலாயிரம் ரிங்கிட் கேட்டிருந்தது. பாதி உரிமக் கட்டணத்துக்கே போய்விடும். நான் இரண்டாயிரத்து ஐந்நூறு சொன்னேன். சாம்பா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஒரு லினக்ஸ் பெட்டியில் போட்டு நடுவில் உட்கார வைத்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் ஒரே கோப்புறையைத் திறக்கலாம். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதே. முதலாளி ஆயிரம் முன்பணம் கொடுத்தார். கடை வேலையை நான் விட்டது மனைவிக்குத் தெரியும். கையில் இந்த ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது என்பது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரத்தில், எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். மகள் விட்டுவிட்டுப் போயிருந்த மேக் உட்பட ஏழு கணினியிலும் கோப்புறை திறந்தது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை திறந்து பார்த்தேன். படியிறங்கிப் போய், மறுபடி ஏறி வந்து நாலாவது தடவையும் பார்த்தேன். நிர்வாகி கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு அக்காவின் மேசையில் வைத்தேன். சுங்கை பூலோவில் இருக்கும் என் வீட்டுக்கு மோட்டாரில் போகிறவன் நான். வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

திங்கட்கிழமை காலை நான் படியேறும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, கதவே தொறக்க மாட்டேங்குதே உங்க பெட்டி."

கோப்புறையைத் தட்டினால் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தால் மறுபடி கேட்டது. நாலு விண்டோஸிலும் இதே கதை. இரண்டு லினக்ஸிலும் இதே கதை. மேக்கில் மட்டும் திறந்தது. மேக்கை நினைத்துப் பயந்துதான் நான் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன், அது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

"அங்கிள், எனக்கு ஓகேதான்," என்றாள் மகள், திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உனக்கு ஓகேன்னா ஊருக்கே ஓகேவா?" என்றார் முதலாளி.

டிரைவர் அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "பாஸ், ரெண்டு மணிக்கு குளோசிங். கப்பல் எனக்காக நிக்காது. உங்களுக்காகவும் நிக்காது லா."

குளோசிங் என்றால், அந்தக் கப்பலுக்குச் சரக்குப் பெட்டி வாங்குவதைத் துறைமுகத்தில் நிறுத்தும் நேரம். அதற்குமேல் போனால் பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். மகள் சட்டென்று மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே சிவப்புக் கயிறு. மேக்கில் கோப்புறையைத் திறந்து, காகிதங்களைப் பென்டிரைவில் போட்டு, அக்காவிடம் நீட்டினாள். அக்கா அச்செடுத்து, முத்திரை குத்தி, டிரைவர் கையில் கொடுத்தார். பத்து நிமிட வேலை.

"பார்த்தீங்களா, பழசு பழசுதான்," என்று டிரைவர் அண்ணன் பென்டிரைவுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளி பேங்குப் புத்தகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தம்பி, நான் பேங்குக்குப் போயிட்டு, சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ள சரியாகலன்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க. குடுத்த அட்வான்ஸ நான் திருப்பிக் கேக்க மாட்டேன். பாவம், நீங்களும் பாடுபட்டிருக்கீங்க."

பாவம் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு என்னை யாரிடம் போய் விசாரிப்பார்கள்? இவரிடம்தான். மறுபடி பிரிக்பீல்ட்ஸ் கடை வாசலில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று முழுசாக ஒத்திகை பார்த்துவிட்டேன். பழைய முதலாளி என்ன சொல்வார், நான் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவேன் என்பதுவரை.

லினக்ஸ் கணினி ஒன்றில் பிழைச் செய்தியைப் பார்த்தேன். கிளாக் ஸ்க்யூ டூ கிரேட் என்று இருந்தது. இரண்டாவது சொல் எனக்குப் புரியவில்லை, தேடிப் பார்த்தேன். கடிகாரங்களுக்குள் வித்தியாசம் அதிகம் என்கிறது. யார் உள்ளே வருகிறார்கள் என்று இந்தப் பெட்டி சரிபார்க்கும்போது நேரத்தையும் பார்க்கும். கேட்கிற கணினிக்கும் பெட்டிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது. யாரோ பழைய அனுமதியைத் திருடி வைத்துக்கொண்டு பிறகு நுழைவதைத் தடுக்க அப்படி ஒரு ஏற்பாடு.

சரி என்று கணினியின் நேரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் பதினொன்று ஐம்பது. என் கைக்கடிகாரம் பதினொன்று நாற்பத்தைந்து. ஐந்து நிமிட வித்தியாசம்தான், என்னுடையதுதான் மலிவுக் கடிகாரம். நடுப்பெட்டி இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்கிறது, அது தவறாது. ஆக நேரம் சரியாக இருக்கிறது, செய்திதான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன்.

அடுத்து நடுப்பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். யார் வந்தார், யாரைத் திருப்பி அனுப்பியது என்று அது வரிவரியாக எழுதி வைக்கும். கடைசி வரி பதினொன்று முப்பது என்றது. அப்படியென்றால் இருபது நிமிடமாக யாருமே கதவைத் தட்டவில்லையா? இப்போதுதானே தட்டினேன்? கேபிள் போயிருக்கும் என்று கேபிளை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். கடவுச்சொற்களை மாற்றினேன். ஒரு கணினியைப் பெட்டியிலிருந்து பிரித்து மறுபடி சேர்க்கப் போனேன், சேரவே மாட்டேன் என்றது. இருந்ததும் கெட்டது.

அக்கா பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று கொண்டுவந்து வைத்தார். "மொதல்ல குடிங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு."

"அக்கா, நேத்து திறந்துச்சுக்கா. ஏழும் திறந்துச்சு."

"நான் இல்லேன்னு சொன்னேனா?"

சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தெட்டு காட்டியபோது பின்பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அக்கா உடனே டிபன் பெட்டியைத் திறந்தார். மகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்தாள். எனக்கு அது வினோதமாகப் பட்டது.

"ஒன்னு முப்பத்தெட்டுக்கா சாப்பிடுவீங்க?"

"பாங்கு சொன்னாத்தான் இங்க சாப்பாடு," என்றார் அக்கா. "அந்தக் கடிகாரத்த நம்பினா அவ்ளோதான். அது இருபது நிமிஷம் முன்னாடி ஓடுது."

நான் கையில் பிடித்திருந்த கேபிளைக் கீழே வைத்தேன்.

"ஏன்கா?"

"பாஸ்தான். ஒரு தடவ பத்து நிமிஷம் பிந்திப் போயி, போர்ட்ல கேட்ட மூடிட்டான், பெட்டி நின்னு போச்சு. அந்த கஸ்டமரே போயிட்டாரு. அன்னிலேருந்து ஆபீஸ் முழுக்க இருபது நிமிஷம் முன்னாடி. கம்ப்யூட்டர்லயும்தான்." ஒரு வாய் சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க நேத்து எல்லாத்தையும் தப்பா வச்சிட்டுப் போயிருந்தீங்களே. காலைல ஏழு மணிக்கே வந்து, நீங்க எழுதி வச்ச பாஸ்வேர்ட போட்டு, ஒன்னொன்னா சரி பண்ணேன். ஒங்களுக்கு வேல மிச்சம்னு நெனச்சுதான் சொல்லல."

"மேக்கையும் மாத்துனீங்களா?"

"என் லேப்டாப்ப அங்கிளத் தவிர யாரும் தொடக் கூடாது," என்றாள் மகள். "அங்கிள் வந்த முதல் நாளே சொல்லிட்டேன்."

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மனைவி கூப்பிடுவாளே என்று காலையிலிருந்து பையில் அணைத்துப் போட்டிருந்தேன். ஆன் செய்தேன். ஒன்று பதினெட்டு. பிறகு என் கையைப் பார்த்தேன். நான் வெட்கப்பட்டது அப்போதுதான். என் கைக்கடிகாரம் கால்மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நானே வைத்ததுதான், பல வருடமாக. பஸ் போய்விடுமோ, கடை திறக்குமுன் போய்ச் சேர மாட்டேனோ என்று வைத்தது. வீட்டில் அதைத் தெரிந்துதான் பார்க்கிறேன், மனசுக்குள் கழித்துக்கொள்கிறேன். அந்த அலுவலகத்தில் எனக்கு அது மறந்தே போய்விட்டது. பதிவேடு பழசாக இல்லை. அது மட்டும்தான் அங்கே உண்மையான நேரத்தை எழுதிக்கொண்டிருந்தது.

ஆறு கணினிகளின் நேரத்தையும் சரி செய்தேன். நான் பிரித்துப்போட்டதை மறுபடி சேர்த்தேன். நாலாவது கோப்புறை திறக்கும்போது அக்கா எச்சில் கையோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"அட. நான்தானா?"

"நான்தான்கா. பாஸ்வேர்ட் குடுத்தவன் சொல்லியிருக்கணும்."

முதலாளி வந்தபோது ஏழும் திறந்திருந்தன. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கணினி மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இது வேணாம் தம்பி. சரியான நேரம் தெரிஞ்சா எல்லாரும் சாவகாசமா உக்காந்துருவாங்க. எனக்குப் பெட்டி போய்ச் சேரணும்."

எனக்கு அவரைப் புரிந்தது. நான் வேலை செய்த கடையின் மற்ற ஆட்கள் யாருக்கும் புரிந்திருக்காது. போய்ச் சேர மாட்டோமோ என்ற பயத்தில் நேரத்தைத் தள்ளி வைக்கிறவனுக்குத்தான் இன்னொருவன் செய்வது தெரியும். அவரிடம் வாதாடவில்லை. கணினிகளுக்குள் நேரம் சரியாக ஓடட்டும், திரை மூலையில் தெரியும் கடிகாரத்தை மட்டும் மறைத்துவிடுகிறேன் என்றேன். நேரம் வேண்டுமென்றால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். சுவர் அவருடையது.

அவர் யோசித்தார். "உள்ள ஒரு நேரம், வெளிய ஒரு நேரமா?"

"ஆமாண்ணே. இனிமே அதுங்க தானாவே பெட்டியப் பார்த்து நேரத்த வச்சுக்கும். அக்கா தொட வேண்டாம்."

"அப்ப காலைல ஏழு மணிக்கு வர வேணாம்," என்றார் அக்கா.

முதலாளி சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக. அந்த நேரம் டிரைவர் அண்ணன் அழைத்தார், பெட்டி உள்ளே போய்விட்டது என்று. அக்கா பென்டிரைவை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். மூடுமுன் கயிற்றை மட்டும் அவிழ்த்து, பழையபடி லோரிச் சாவிக்குக் கட்ட எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில், எனக்குப் பலமுறை பதில் கிடைத்த அந்த இணையக் குழுவில், முதல் முறையாக நான் கேள்வி கேட்காமல் ஒரு குறிப்பு எழுதினேன். நாலு வரி, ஒரு மணி நேரம் ஆனது. இந்தப் பிழை வந்தால் அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தையும் பாருங்கள், அதைக் காலையில் யார் திருத்துகிறார்கள் என்றும் கேளுங்கள் என்று. சில வாரம் கழித்து யாரோ ஒருவர் நன்றி என்று ஒற்றைச் சொல் போட்டிருந்தார். எந்த ஊர், எப்படிப்பட்ட கடை, தெரியாது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடையை விட்டபோது கையில் அந்த ஒரே வேலைதான் இருந்தது என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன்.

முதலாளி அந்தத் திங்கட்கிழமையே ஆயிரத்து நூற்றைம்பது எண்ணிக் கொடுத்தார். மிச்சம் கேட்டதற்கு, "முழுசாக் குடுத்துட்டா நீங்க போன் எடுக்க மாட்டீங்க," என்றார். ஏர்கோன் பழுது பார்க்கிறவருக்கும் அவர் அப்படித்தான் வைத்திருக்கிறாராம், அக்கா சொன்னார். அதற்குப் பிறகு முதலாளி சொல்லி காப்பாரில் ஒரு பட்டறையும் பண்டமாரானில் ஒரு கிளினிக்கும் கிடைத்தன. இரண்டிலும் படியேறியதும் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். வரவேண்டிய பணத்தை நினைத்துத் தூக்கம் கெடுகிறவன் நான். இதற்கு மட்டும் கெடவில்லை. அவர் இன்னும் தர வேண்டியது முந்நூற்று ஐம்பது ரிங்கிட்.