பரிசலில் சால்மன் வித்தை

கனடாவில் கடல் போன்ற ஏரியில் சால்மன் மீன் பிடித்த கதையை எங்கள் மேனேஜர் ஆறு மாதம் அளந்தார். படகை மெதுவாக, நேராக ஓட்டி, தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டுமாம். அந்த வித்தையைக் காட்ட, பெங்களூருக்கு வெளியே ஓர் ஏரிக்கு என்னையும் இழுத்துப்போனார். அங்கே கிடைத்தது பரிசல்தான். வட்டக் கூடை நேராகவா போகும்? அது சுற்றச் சுற்ற, வெளிநாட்டுத் தூண்டில் நரம்பு அந்த மகானையே சுற்றிக்கொண்டது. “அசையாதீங்க சார்” என்று பரிசல்காரர் கத்தியால் அறுத்து விடுவித்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், “நம்ம ஊரு மீனுக்கு டிசிப்ளினே இல்லப்பா” என்றார்.

அது அப்ரைசல் வாரம். “ஆமா சார், சுத்தமா இல்ல” என்று முந்திக்கொண்ட நாக்கு என்னுடையதுதான்.