முதல் மனைவியின் சத்தியம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் வரலாறு படிப்பித்தேன். அதில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலாந்தின் ரியூடர் வம்சம். எங்கோ ஒளிந்து வளர்ந்த ஒருவன் ஒரே ஒரு சண்டையில் வென்று முடியைப் பிடித்தான். உரிமை போதாது என்று எதிரி வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவனுடைய மகன், ஆண்வாரிசு வேண்டுமென்று தொடங்கி ஆறு பெண்களைக் கட்டினான். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். கடைசிப் பேத்தி பிள்ளையில்லாமல் கண்ணை மூட, நூற்றுப் பதினெட்டு வருட ஆட்சி முடிந்தது. கரும்பலகையில் நாலு கோடு இழுத்து நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

அந்த மகனுடைய முதல் மனைவியின் கதையில் மட்டும் கொஞ்சம் நிற்பேன். அவள் முதலில் அவனுடைய தமையனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தமையன் சில மாதங்களில் செத்துப்போக, பாப்பரசரின் அனுமதியோடு தம்பி கட்டினான். இருபது வருடத்துக்குமேல் குடும்பம் நடத்திவிட்டு, தமையன் பெண்டாட்டியைக் கட்டியது செல்லாது, ஆகவே இது கலியாணமே இல்லை என்றான். அவளோ, தமையனோடு நான் மனைவியாக வாழவேயில்லை என்று சத்தியம் பண்ணினாள். சாகும்வரை அதிலிருந்து இம்மியும் அசையவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுப்பேன். பதிலையும் நானே சொல்லிக்கொடுப்பேன்: உண்மையோ பொய்யோ, பேசாமல் ஒதுங்கிப் போயிருந்தால் மகளாவது நிம்மதியாக இருந்திருப்பாள்; வீண் பிடிவாதம். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொள்வார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, எல்லாம் தெரிந்த வயது.

இரண்டாயிரத்து ஆறில், மொன்றியலில், லாசாலில் நானும் பதின்மூன்று வயது மகளும் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. திருச்சபையின் விவாக நீதிமன்றத்திலிருந்து. என் கணவர் எங்களை விட்டுப் போய் மூன்று வருடம். வசதியான புறநகரான கர்க்லாண்டில் வீடு வாங்கி இன்னொருத்தியோடு இருந்தார். அரசாங்க விவாகரத்துக்கு நான் மூச்சுக்காட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அது அவருக்குப் போதவில்லை. தமிழ்ப் பூசையில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், பீடத்துக்கு முன்னால் நின்று அவளுக்குத் தாலி கட்ட ஆசைப்பட்டார். அதற்கு எங்கள் கலியாணம் முறிந்தால் போதாது. அது நடக்கவே இல்லை என்று திருச்சபை சொல்ல வேண்டும்.

அவர் கொடுத்திருந்த காரணத்தை நின்றபடியே படித்தேன். பெண்ணின் முழுச் சம்மதம் இல்லாமல் நடந்த கலியாணம் என்று எழுதியிருந்தார்.

அது உண்மை. அவர் மூன்று கிழமை விடுமுறையில் கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்தார். என் அண்ணன், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுத்து, என்னைக் கொழும்புக்குக் கூட்டி வந்தார். வெள்ளவத்தை லொட்ஜில் முதல்முறையாக அவரைப் பார்த்துவிட்டு, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்று அண்ணனிடம் அழுதேன். சண்டைக்குள் உன்னை வைத்திருக்க ஏலாது, மறுத்தால் இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றார் அண்ணன். மூன்று ஞாயிறு கோயிலில் கூறவேண்டிய கலியாண ஓலையை ஒரே பூசையில் கூறி அடுத்த நாள் கட்டிவைத்தார்கள். கனடாவுக்கு வந்த முதல் வருடம், ஏதோ ஒரு சண்டையில், உங்களை வேண்டாமென்று நான் சொல்லச் சொல்லத்தான் கட்டிவைத்தார்கள் என்று கணவரிடம் கத்தினேன். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். மனுசன் பதின்மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. நடந்ததைத்தான் சொல்லச் சொல்லுறன்," என்றார்.

"அப்ப நான் உங்களோட வாழ்ந்த பதினொரு வருசமும் என்ன?"

"அது வேற. திருச்சபைச் சட்டப்படி கலியாணம் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. நான் கேட்டிட்டன்."

உண்மைதான். பிள்ளைகளின் உரிமைக்கு இதனால் பாதிப்பில்லை என்று கடிதத்திலேயே இருந்தது. அதை நாலுதரம் வாசித்தேன். அந்த அரசன் தன் மகளை முறைகெட்டுப் பிறந்தவள் என்று எழுதிவைத்ததையும், அவளை இளவரசி என்று யாரும் கூப்பிடக்கூடாது என்று தடுத்ததையும் நான்தானே வருடா வருடம் படிப்பித்தேன். என் மகளிடம் சொன்னபோது, பிரெஞ்சுப் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "விடுங்கோ அம்மா, அவர் என்னெண்டாலும் செய்யட்டும்," என்றாள். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

செபமாலைக் குழுவை நடத்தும் மன்னார் அக்கா, பூசை முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, விட்டுக்குடுங்கோவன். அவருக்கும் ஒரு வாழ்க்கை வேணும்தானே. பேசாமல் ஒதுங்கினால் உங்களுக்குத்தான் மரியாதை."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள்.

விசாரணைக்கு ஒரு வயதான பிரெஞ்சுக் குரு இருந்தார். நல்ல மனிதர், குளிருக்குத் தேத்தண்ணீர்கூடத் தந்தார். நற்செய்திப் புத்தகத்தின்மேல் கைவைத்து, உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் பண்ணினேன். சுயவிருப்பத்தோடு சம்மதித்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓம் என்றால் பொய். இல்லை என்றால் நான் பதினொரு வருடம் சமைத்ததும், பிள்ளை பெற்றதும், அவர் விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தபோது பொதிகட்டும் தொழிற்சாலையில் இரண்டு வேலைமுறை செய்ததும் யாரோ ஒருத்தி யாருக்கோ செய்த உபகாரம் ஆகிவிடும். சம்மதம் இல்லாமல் தொடங்கியதுதான். தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் நான் சம்மதித்தேனே, அதை எந்தக் கேள்வியில் எழுதுவது?

"ஓம், முழுச் சம்மதம்," என்றேன். "ஒருத்தரும் என்னை வற்புறுத்தவில்லை."

அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் செத்துப்போய் நாலு வருடம், மறுத்துச் சொல்ல ஆளில்லை. இறங்கி மெற்றோவுக்கு நடக்கும்போது வாழ்க்கையில் முதல்தடவை அந்த மனுசனை வென்றுவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

தீர்ப்பு வர ஒன்றரை வருடம் பிடித்தது. கலியாணம் செல்லாது. காரணம் என் சம்மதம் அல்ல. விவாகத்தின் பொறுப்பை உணரும் பக்குவம் மாப்பிள்ளைக்கு அன்று இருக்கவில்லை என்று அவர் இடையில் இன்னொரு காரணமும் சேர்த்திருந்தாராம். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் சாட்சி சொன்னார்களாம். கட்டும்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. என் சாட்சியம் தேவைப்படவே இல்லை. அரசனுக்கும் அவள் சத்தியம் தேவைப்படவில்லை. திருச்சபையையே உடைத்துக்கொண்டு போனான். இவருக்கு அந்த வில்லங்கம்கூட இருக்கவில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ரொறன்ரோவிலிருந்து வந்த தமிழ்க் குரு, என்னைத் தெரியாதவர்.

"சுவாமி, நற்செய்தியில கைவைச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணினனான்."

நடந்ததைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுறீங்களோ, அம்மா?"

"இல்லை, சுவாமி."

"மனஸ்தாபம் இல்லாட்டி என்னால மன்னிப்புத் தர ஏலாது. மன்னிப்பு இல்லாமல் நீங்கள் நற்கருணை வாங்கவும் ஏலாது."

"ஓம், தெரியும்," என்றுவிட்டு எழும்பினேன்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து அவருக்குக் கோயிலில் கலியாணம் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு, நற்கருணை வாங்க எங்கள் மர வாங்கில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழும்பினார்கள். மகளும் எழும்பினாள். பின்னாலிருந்து அவர் புது மனைவியோடு கைகூப்பி வரிசையில் வந்தார். நான் மட்டும் இருந்த இடத்தில் இருந்து, மற்றவர்கள் தாண்டிப் போவதற்கு முழங்காலை ஒடுக்கிக்கொண்டேன்.